வாய் சிறுத்த ஜாடி

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர் முன் எப்படி நிற்க வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், மணி அடிப்பதற்கு எத்தனை நொடி முன்னால் முடிவுரைக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு பேசினால் உங்களையும் வென்றுவிடப் பார்ப்பேன். ஆகவே சாட்சியாக வாருங்கள். சாட்சிக்கு மதிப்பெண் போடும் வேலை இல்லை. நான் காட்டும் இடத்தில் நின்று பார்த்தால் போதும்.

இடம், மலாய் நாட்டின் கடற்கரை ஊரான மெர்சிங்கில் மீன் சந்தைக்குப் பின்புறம் இருக்கும் ஒரு வாடகை வீட்டின் சமையலறை. நேரம், ஒரு சனிக்கிழமை நண்பகல். என் இடக்கையில் ஒரு சிறு ஜாடி. பல நூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் சுடப்பட்டு, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு. கயிற்றில் ஓர் அட்டை. அட்டையில் மலாயில் இரண்டு சொற்கள். தமிழில் சொன்னால், கழுவக் கூடாது. அதை நான் படித்தேன். படித்த பிறகு குழாயைத் திறந்தேன். அப்போது என்னைப் பார்த்தவர் யாருமில்லை. அந்தக் குறையை நீங்கள் தீர்த்து வைக்க வேண்டும்.

அந்த ஜாடி என் நண்பனுடையது. சட்டப்படி அது அவனுடையதன்று. ஆனால் ஓர் ஆற்று முகத்துவாரத்தின் ஓரத்தில், இடுப்பளவு ஆழமுள்ள குழிக்குள் மண்டியிட்டு, அதை முதலில் கண்டவன் அவன். அவனும் நானும் ரெங்கம் என்ற சிற்றூர்க்காரர்கள். பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை சொற்போர் மேடைகளில் ஒரே அணி. தொடங்கிப் பேசுபவன் நான். தொகுத்து முடிப்பவனும் நான். நடுவில் அவன். எதிரணி பேசும்போது அவன் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பான். எந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து என் பக்கம் தள்ளுவான். அந்தத் தாளை நான் இடியாக மாற்றுவேன். கோப்பை இருவருக்கும் வந்தது. கைதட்டல் எனக்கு வந்தது. அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. ஊசி துளைக்கிறது, நூல் பின்னால் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஊசி நான்தான் என்பதில் ஐயமே எழுந்ததில்லை.

படிப்பு முடிந்ததும் நான் குளுவாங்கில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்தேன். அவன் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்குப் போனான். மேசை விளிம்பில் விரலை ஓட்டி எங்கே பிசிறு இருக்கிறது என்று பார்க்கும் வேலை. ஓராண்டு அதைச் செய்தான். பிறகு மெர்சிங் பக்கம் ஓர் அகழாய்வுக்கு உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டான். நான் சிரித்தேன். "வாயிருக்கிறவன் பேசுவான், வாயில்லாதவன் மண்ணு தோண்டுவான்" என்று அவனிடமே சொன்னேன். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று அன்று நான் பார்க்கவில்லை.

ரெங்கத்தில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு காலை சமூக மண்டபத்தில் கூடுவோம். வட்டத்தின் செயலாளர் ஓர் அக்கா, மருத்துவமனையில் தாதி. கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் பேச அழைப்பார். அந்த மாதம் அவர் அவனை அழைத்தார். தலைப்பு: மண்ணிலிருந்து வந்த பழங்கலங்கள், அவற்றின் பயன்கள். எனக்கு நன்றியுரை.

அவன் எழுந்து நின்றபோது அவனுக்காக நான் கூச்சப்பட்டேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை விளிம்பைத் தடவினான். வணக்கம் சொல்ல மறந்தான். ஒரு பெட்டியைத் திறந்து, நெகிழிப் பையிலிருந்து உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வெளிர்பச்சை மெருகு பூசிய தட்டின் துண்டு. அடியில் புகைக்கரி ஏறிய சமையல் சட்டியின் துண்டு. கல்லைப் போல் கெட்டியாகச் சுட்ட பெரிய ஜாடியின் தோள்பகுதி.

"இந்தப் பெரிய ஜாடிக்கு ஒரே வேலைன்னு சொல்ல முடியாது," என்றான். "கப்பல்ல வரும்போது சின்னக் கிண்ணங்கள இதுக்குள்ள வைக்கோல் வெச்சு அடுக்கிக் கொண்டு வந்திருக்காங்க. எறக்கின பிறகு கிண்ணம் வித்துப் போயிரும். ஜாடிய யாராவது வாங்கி வீட்டுல மழத்தண்ணி புடிச்சிருப்பாங்க. விளிம்பு ஒடஞ்சதும் உப்பு போட்டு மீன் ஊற வெச்சிருக்கலாம். செஞ்சவன் நெனச்சது ஒண்ணு, வாங்குனவன் செஞ்சது ஒண்ணு."

அப்புறம் ஒரு சிறு ஜாடியின் முழு உருவத்தை எடுத்தான். உள்ளங்கையில் நிற்கும் உயரம். தோள் அகன்று, அடி குறுகி, வாய் மட்டும் சுண்டுவிரல் நுழையும் அளவு. உள்ளே காலியாகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. கூட்டத்துக்குள் கைமாற விட்டான். வாங்கிய ஒவ்வொருவரும் "அடேயப்பா" என்றார்கள், ஏனென்றால் அளவுக்குப் பொருந்தாத கனம்.

"இது எதுக்குன்னு சொல்லுங்க," என்றான் அவன்.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். "சாராயம் லா, தம்பி. சிந்தாம குடிக்கத்தான் இவ்ளோ சின்ன வாய்."

"இருக்கலாம்ணே. நெறைய பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. ஆனா ஒரு ஆளுக்கு இது பத்துமா?"

"பத்தலனா ரெண்டு ஜாடி!"

மண்டபம் சிரித்தது. செயலாளர் அக்கா, "மருந்தெண்ணெயா இருக்கும்பா. தொட்டு தொட்டு தடவுற மாதிரி," என்றார். பின்வரிசையில் ஒரு பெண், "வாசன தைலம்," என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாதரசம் வைத்திருக்கலாம் என்று சிலர் கருதுவதைச் சொன்னான். பாதரசம் கொஞ்சமே எடுத்தாலும் பாரம். மெல்லிய சுவர் தாங்காது. ஆகவே இவ்வளவு தடித்த சுவர். கல்லையும் மணலையும் விட்டுப் பொன்துகளைப் பிரித்தெடுக்கப் பாதரசம் உதவும். இந்த மலைப்பக்கங்களில் பொன் தேடியவர்கள் உண்டு. வெடிமருந்து அடைத்து எறிந்திருப்பார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். "அப்படி எறிஞ்சிருந்தா ஓடெல்லாம் சிதறிக் கெடக்கணும். நாங்க பார்த்ததுல பாதி முழுசாவே கெடைக்குது. அதனால அது கொஞ்சம் சந்தேகம்."

"அப்ப எதுதான் தம்பி சரி?" என்றார் லாரி அண்ணன்.

"தெரியலண்ணே," என்றான் அவன்.

அந்தச் சொல்லுக்கு மேடையில் என்ன நேரும் என்று எனக்குத் தெரியும். எதிரணி எழுந்து நின்று தின்றுவிடும். ஆனால் மண்டபம் முன்னால் சாய்ந்தது. நாற்காலிகள் சிமெண்டுத் தரையில் உரசும் ஒலியை நான் கேட்டேன். ஒருவரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. நான் பேசும்போது பார்ப்பார்கள். அதைக் கவனித்து அடுத்த வாக்கியத்தைச் சற்று உயர்த்துவேன். இவன் ஒன்றையும் உயர்த்தவில்லை. "தெரியல" என்று சொல்லிவிட்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களும் ஓடுகளையே பார்த்தார்கள். அந்த அமைதி எத்தனை நொடி நீடித்தது என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். பதினொன்று. பத்தாண்டு மேடை வாழ்வில் எனக்கு அதிகபட்சம் கிடைத்தது நான்கு.

நன்றியுரையில் அவனைப் புகழ்ந்தேன். நன்றாகவே புகழ்ந்தேன். ஒரு வாக்கியத்தில், "மண்ணைத் தோண்டியவன் இன்று நம் மனத்தைத் தோண்டினான்" என்றேன். கைதட்டினார்கள். தேநீருக்குப் போனதும் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பிஸ்கட் தட்டின் அருகே நின்றேன். பசி இல்லாமலே மூன்று பிஸ்கட் தின்றேன்.

மறுவாரம் முதல் சனிக்கிழமைகளில் மெர்சிங்குக்குப் போகத் தொடங்கினேன். அகழாய்வுக் குழு தன் வாடகை வீட்டில் ஓடு கழுவத் தன்னார்வலர்களைத் தேடிக்கொண்டிருந்தது. நண்பனிடம், "உனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றேன். அது பொய். அவனுக்குத் தெரிந்த அத்தனையையும் தெரிந்துகொண்டு, அவனைவிட நன்றாக அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். ஓடுகள் அவனிடம் இருக்கலாம். வாய் என்னிடம் இருக்கிறது. குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக, இருபுறமும் செம்பனை மரங்கள் ஓடும் சாலையில், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் பேசிப் பழகுவேன். "ஒரு கையளவு ஜாடிக்குள் ஒரு கடலளவு கேள்வி!" என்பது அப்படி உருவான ஒரு தொடர். அதை எங்கே வைப்பது என்று பல சனிக்கிழமைகள் யோசித்திருக்கிறேன்.

கழுவும் வேலை எளிது. குழியிலிருந்து வந்த ஓடுகள், எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று எழுதிய சீட்டுடன் ஒரு தட்டில் இருக்கும். வாளித் தண்ணீரில் நனைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, அதே சீட்டுடன் வலைத்தட்டில் காய வைக்க வேண்டும். ஒரு தட்டின் ஓடு இன்னொரு தட்டுக்குப் போகக் கூடாது. மூலை முடுக்கில் ஒட்டிய மண்ணைச் சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியால் எடுக்கலாம். சிவப்புக் கயிறு கட்டியதைத் தொடவே கூடாது. இதை முதல் நாளே குழுவின் தலைவர் எனக்குச் சொன்னார். அவர் ஒரு மலாய்ப் பெண். எல்லோரும் மரியாதையாகப் புவான் என்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அட்டைகளில் எழுதிக்கொண்டே இருப்பவர். கலத்துக்குள் தங்கிய மண் வெறும் மண்ணல்ல, அதில் முன்பு இருந்த பொருளின் சாரம் கலந்திருக்கலாம், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அது என்னவென்று சொல்லும் வாய்ப்பு உண்டு என்று விளக்கினார். நான் கவனமாகக் கேட்டேன். மறுநாள் அதை வைத்து ஒரு பத்தி எழுதினேன்.

ஐந்தாவது வாரம் அந்த ஜாடி கிடைத்தது. அதுவரை கண்ட சிறு ஜாடிகள் எல்லாம் வாய் திறந்து, மேலே இருந்த மண் உள்ளே இறங்கியவை. இதன் வாயில் களிமண் இறுகி அடைத்திருந்தது. யாரோ அடைத்ததாகவும் இருக்கலாம், ஆறு அடைத்ததாகவும் இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது அடைபட்ட நாள்முதல் அங்கேயே இருக்கிறது. புவான் அதைக் கையில் வாங்கிக் காதருகே அசைத்துப் பார்த்துவிட்டுச் சிவப்புக் கயிற்றைக் கட்டினார்.

அன்று மாலை கரையோரக் கடையில் நாசி கோரெங் என்ற வறுத்த சோற்றைத் தின்றுகொண்டே நண்பன் சொன்னான்: "டேய், புவான் என்னை மேல்படிப்புக்கு எழுதச் சொல்றாங்க. இந்த ஜாடிக்குள்ள இருக்கற மண்ணுதான் என் ஆராய்ச்சி. அவங்க கீழயே படிக்கலாம்ங்கிறாங்க. பல்கலைக்கழகத்துல எடம் கெடைக்கறது இத வெச்சுத்தான்."

"பாதரசமா இருந்தா?"

"இருந்தா இருக்கும். இல்லாட்டி இல்ல. எப்படி வந்தாலும் எழுதலாம். அதான்டா இதுல நல்லது."

எப்படி வந்தாலும் எழுதலாம். எனக்கு அந்த நிம்மதி எந்நாளும் வாய்த்ததில்லை. எனக்கு ஒரு பக்கம் வென்றாக வேண்டும். தட்டில் முட்டை ஆறிப்போகும்வரை நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கீழே சிந்திய ஒரு சோற்றுப் பருக்கையை விரல் நுனியால் ஒற்றி எடுத்தான். இவன் பெயரோடு ஒரு புத்தகம் வரும். பல ஆண்டுகளுக்குப் பின்னும் யாராவது அதைத் திறப்பார்கள். என் குரல் அந்தந்த மண்டபத்தின் மின்விசிறியோடு போய்விட்டது என்று எண்ணினேன்.

வட்டத்தில் மீண்டும் அவனையே பேசச் சொன்னார்கள். கூட்டம் ஞாயிறு காலை; ஜாடி திங்களன்று தலைநகரின் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அனுப்புவதற்கு முன் அதை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கையில் தராமல் காட்டிவிட்டுப் போகப் புவானிடம் அனுமதி வாங்கியிருந்தான். இம்முறை என்னை அவைத்தலைவராக அமர்த்தியிருந்தார் செயலாளர் அக்கா.

இனி அந்தச் சனிக்கிழமை. எங்கள் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. முடித்துவைப்பவன் தன் கடைசி அம்பை அணித்தோழனிடம்கூடச் சொல்ல மாட்டான், மேடையில்தான் எடுப்பான். அது பெரும்பாலும் ஒரு பொருளாக இருக்கும். ஒருமுறை நான் எரியும் தீக்குச்சி காட்டியிருக்கிறேன். ஒருமுறை பூட்டப்பட்ட பூட்டு. அன்று காலை முதல் என் கற்பனையில் ஒரு கண்ணாடிப்புட்டி இருந்தது. அவன் "தெரியல" என்று முடித்தவுடன், அவைத்தலைவர் எழுகிறார். சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுக்கிறார். உள்ளே வெள்ளியாய் ஒரு துளி பாதரசம் உருள்கிறது. பதினொன்றென்ன, இருபது நொடி அமைதி.

நண்பகலில் புவான் குழிக்குப் போயிருந்தார். நண்பன் பொதி கட்ட அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனான். என்னோடு கழுவிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் சாப்பிடக் கிளம்பினார்கள். ஜாடி மேசைமேல் ஒரு தட்டில் இருந்தது.

ஒரு துளி மட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். சாத்தே குச்சியால் வாயின் களிமண்ணைக் குத்தினேன். அது நான் நினைத்ததைவிட எளிதில் உடைந்தது. கவிழ்த்துத் தட்டினேன், கொஞ்சம் கருமண் தொட்டியில் விழுந்தது. மினுக்கம் எதுவும் இல்லை. ஆழத்தில் இருக்கும், கனமான பொருள் அடியில்தானே தங்கும் என்று நினைத்தேன். குச்சியால் கிளறினேன். வரவில்லை. அப்போதுதான் கயிற்றையும் அட்டையையும் மீண்டும் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். மிச்ச மண் உள்ளேயே இருந்தது; அந்த மிச்சமே ஆய்வுக்குப் போதுமாக இருந்திருக்கும். நான் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். நீர் நிரப்பி, கட்டைவிரலால் மூடி, குலுக்கி, ஊற்றினேன். மறுபடி நிரப்பினேன். மறுபடி. கலங்கல் மெல்ல மெல்லத் தெளிந்தது. கடைசியில் மஞ்சளாய்க் கொஞ்சம் வண்டல் வந்து, தொட்டியின் ஓட்டையைச் சுற்றி ஒரு சுழி சுழன்று இறங்கிப் போனது. வெள்ளித்துளி ஏதும் இல்லை. ஜாடி மட்டும் நன்றாகக் கழுவப்பட்டு என் கையில் மினுங்கியது.

உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்குள் முதலில் எழுந்தது அச்சம் இல்லை. அவனுக்கும் இப்போது ஒன்றும் இல்லை என்ற ஒரு மெல்லிய இளைப்பாறல். அது ஒரு மூச்சு நேரம் இருந்தது. அச்சம் அதன் பின்னால்தான் வந்தது.

நண்பன் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான்.

"டேய். இது எப்படி நனஞ்சிருக்கு?"

"தெரியல," என்றேன். "நான் வெளிய காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பதான் வந்து பார்த்தேன். கயிறு அவுந்து கெடந்துச்சு. அந்தப் புள்ளைங்க தட்டு மாத்தி எடுத்துக் கழுவிருக்குமோ என்னவோ."

அவன் பின்வாசலுக்கு ஓடினான். தொட்டிக் குழாய் வெளியே ஒரு திறந்த சாக்கடையில் போய் விழும். சந்தையில் மீன் அலசிய நீரும் அதில்தான் ஓடும். அவன் மண்டியிட்டு, முழங்கைவரை கையை விட்டு, அடிச்சேற்றை அள்ளி அள்ளிப் பார்த்தான். செதிலும் குடலும் வந்தன. நான் பக்கத்தில் நின்றேன். என் கையிலும் சட்டையிலும் ஈரம் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னான்: "அந்தப் புள்ளைங்க மேல போடாத. பயந்துருவாங்க. மேசையில வெச்சுட்டுப் போனவன் நான்தான? என் தப்புன்னே புவான்கிட்ட சொல்லிடறேன்." என் முன்னாலேயே கைப்பேசியை எடுத்துச் சொன்னான். எதிர்முனையில் புவான் அதட்டவில்லை; அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை மண்டபம் நிரம்பியிருந்தது. ஏறத்தாழ அறுபது பேர். அவன் வெறும் ஜாடியை மேசைமேல் வைத்தான். "இதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இந்த வாரம் கண்டுபிடிக்க அனுப்பறதா இருந்தோம். நேத்து அது கழுவப்பட்டுப் போச்சு. நான் சரியா பாத்துக்கல. என் தப்பு. அதனால இந்த ஜாடியப் பத்தி இனிமே யாரும் நிச்சயமா சொல்ல முடியாது," என்றான்.

செயலாளர் அக்கா உச்சுக் கொட்டினார். லாரி அண்ணன், "விடு தம்பி, வேணும்னா செஞ்ச? உன் மேலதான் ஆத்திரமே வரலயே," என்றார். பலர் தலையசைத்தார்கள். அவன்மீது அவர்களுக்கு இருந்த அன்பு அறையில் கூடிக்கொண்டே போவதை அவைத்தலைவர் நாற்காலியிலிருந்து பார்த்தேன். செய்யாத பிழைக்கு அவனுக்கு அது கிடைக்கிறது. செய்தவன் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சாட்சியாக வந்தவர்களே, நம்புங்கள்: என்னை எழுப்பி நிறுத்தியதில் மனச்சாட்சிக்குப் பாதிப் பங்குதான். மறுபாதி, அந்தப் பிழையையும் அவன் வைத்துக்கொள்வதை என்னால் தாங்க முடியாமல் போனது.

எழுந்தேன். பேசினேன். "அவையோரே, குற்றவாளி இம்மேடையிலேயே இருக்கிறான், ஆனால் நீங்கள் பார்க்கும் பக்கத்தில் இல்லை" என்று தொடங்கினேன். கயிற்றைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் குரல் தானே நின்றது. "ஒரு கையளவு ஜாடிக்குள் ஒரு கடலளவு கேள்வி இருந்தது, அதை நான் ஒரு குழாயடியில் கொட்டினேன்" என்று முடித்தேன். அமைதி விழுந்தது. நீண்ட அமைதி. அதன் பிறகு, உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கைதட்டினார்கள்.

லாரி அண்ணன் மேலே வந்து என் கையைப் பற்றிக் குலுக்கினார். "செஞ்சத ஒத்துக்க ஒரு தைரியம் வேணும்பா." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பன் ஜாடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினான்.

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். பெட்டியைப் பின்னிருக்கையில் வைத்து இருக்கைப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சிருச்சா?" என்றான், திரும்பாமலே.

"என்ன?"

"பேச்சு."

"மன்னிச்சிடுடா."

"நேத்து கேட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். நேத்து சாக்கடைகிட்ட நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். அப்ப உனக்கு வாய் வரல. அறுபது பேர் வந்து ஒக்காந்ததும் வந்துருச்சு." கதவைச் சாத்தினான். "கடலளவு கேள்வியாம். எப்ப யோசிச்சு வெச்ச அத?"

அவனுக்குப் பதில் தெரியும்; பத்தாண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன்.

"நான் கஷ்டப்பட்டு ஒரு பழிய ஏத்துக்கிட்டேன். அதையும் புடுங்கிக்கிட்டு அதுக்கும் கைதட்டு வாங்கிட்ட. போடா."

அவன் காரைக் கிளப்பினான். நான் என் காரில் பின்னால் போனேன். அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, எனக்காகக் குறைக்கவும் இல்லை. காஹாங் தாண்டி மழை பிடித்தது. அந்தச் சாலையில் முதல் முறையாக நான் எதையும் உரக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

மெர்சிங் வீட்டில் புவான் மேசையில் அட்டைகளோடு இருந்தார். நண்பன் பெட்டியை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான். நான் மலாயில் சொன்னேன். நன்றாகப் பேச வரும் மொழிதான். அன்று மூன்று வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. எவ்வளவு வருந்துகிறேன் என்று நான்காவதைத் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தினார். வருத்தத்தை எழுத அட்டையில் இடமில்லை, மண்ணின் நிறத்தைச் சொல் என்றார்.

சொன்னேன். முதலில் கருமை, கடைசியில் மஞ்சள். கட்டி இருந்ததா? வாயருகே மட்டும். குழாய்த்தண்ணீரா, தொட்டித்தண்ணீரா? குழாய். எத்தனை முறை நிரப்பினாய்? ஐந்து, அல்லது ஆறு. ஐந்தா, ஆறா? தெரியவில்லை. குச்சி உள்சுவரைக் கீறியதா? தெரியவில்லை. மணம் ஏதாவது? நான் முகரவில்லை. ஒவ்வொரு "தெரியவில்லை"யையும் அவர் அப்படியே எழுதினார். பிறகு நண்பனைப் பார்த்து, சுவரில் ஏதாவது ஊறியிருக்கக்கூடும், சுரண்டிப் பார்க்கலாம், ஆனால் இப்படிக் கழுவிய ஒன்றின் முடிவை யாரும் நம்பப்போவதில்லை என்றார். விண்ணப்பத்திலிருந்து இந்த ஜாடியை எடுத்துவிடு. வாய் அடைபட்ட இன்னொன்று அடுத்த குழியில் வந்தால் பார்ப்போம். வராமலும் போகலாம். அவன் "சரி புவான்" என்றான். சட்டையின் கீழ்ப்பொத்தானைப் போட்டான், கழற்றினான், போட்டான்.

அட்டையின் கடைசி வரியில், உள்மண் இழப்பு, காரணம் என்று இருந்தது. புவான் பேனாவை என்னிடம் நீட்டினார். என் முழுப்பெயரை எழுதினேன்.

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான்: "அட்டையில எழுதிட்ட. சரி. அந்த அட்டைய யாரு படிக்கப் போறா? நாளைக்கு ஏதாவது மண்டபத்துல இந்த ஜாடியப் பத்திப் பேசச் சொல்லி உன்னைத்தான் கூப்பிடுவாங்க. கண்டிப்பா கூப்பிடுவாங்க. அப்ப என்ன சொல்வ?"

சாக்கடையில் மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரைத் தவிர அங்கே எவருமில்லை. நான் தயாரிக்காமல், தடுமாறித்தான் சொன்னேன். ஆனால் உரக்கச் சொன்னேன்:

"பேச மாட்டேன். உன்னைக் கூப்பிடச் சொல்வேன். அப்படியும் யாராவது நேர்ல வந்து கேட்டா, ஒரு ஆளா இருந்தாலும் சரி, அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது, தெரியாமப் போனதுக்குக் காரணம் நான்தான்னு சொல்லிட்டு நிறுத்திக்குவேன். அதுக்கு மேல ஒரு வார்த்த சேக்க மாட்டேன். அடைச்ச வாயோட இன்னொரு ஜாடி வர்ற வரைக்கும் சனிக்கிழம சனிக்கிழம இங்க வந்து குழியில மண்ணு சலிப்பேன். வந்துச்சுன்னா, அதத் தொட மாட்டேன். உன்னைக் கூப்பிடுவேன்."